துப்பறியும் படம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரைத் தயார் செய்திடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலரும் முதல் வாரத்திலேயே அதில் ஒரு படம் பார்த்து விடுகிறார்கள். பைலின் மீது இருமுறை கிளிக் செய்தால் படம் ஓடுகிறது. ஓடினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். பாட்டும் சண்டையும் நிறைந்த படங்களுக்கு இது பெரும்பாலும் போதும். இன்று ஒரு காட்சி சரியாகத் தெரியாவிட்டால் நாளை மீண்டும் பார்த்துக் கொள்ளலாம்.

ஆனால் துப்பறியும் படங்கள் அப்படி இல்லை. குற்றவாளி யார் என்று தெரியாமல் அந்தப் படத்தை ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும். நல்ல மர்மப் படம் எடுப்பவர் தடயத்தை நம் கண் முன்னேயே வைத்துவிட்டுத்தான் நம்மை ஏமாற்றுவார். பாதி எரிந்த காகிதம், இருட்டில் தெரியும் ஒரு புள்ளி, ஓரத்தில் நிற்பவரின் முகம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் அமைப்பு சரியில்லாததால் அது நம் கண்ணில் படாமல் போனால், கதாசிரியர் நம்மோடு நேர்மையாக விளையாடியும் நாம் ஆட்டத்தில் சேராமலேயே இருந்து விடுகிறோம்.

கதை, நாவல்களிலிருந்து எடுக்கப்பட்ட சில மர்மப் படங்களையும் தொடர்களையும் அண்மையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் ஒரு அமைப்பைச் சரி பார்க்க வைத்தது. அந்தப் படங்களைப் பற்றியும் அந்த அமைப்புகளைப் பற்றியும் இங்கு காணலாம். எந்தப் படத்திலும் குற்றவாளி யார் என்று நான் சொல்லப் போவதில்லை. தைரியமாகப் படியுங்கள்.

எந்த பிளேயர்?

படத்தை இயக்க ஒரு பிளேயர் புரோகிராம் தேவை. நான் பயன்படுத்துவது விஎல்சி மீடியா பிளேயர். 1996ல் பாரிஸ் நகருக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கி, 2001ல் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேராக வெளியிடப்பட்டது. முற்றிலும் இலவசம். வீடியோலேன் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் இதனை டவுன்லோட் செய்திடுங்கள். தேடுதல் முடிவில் விளம்பரமாக வரும் வேறு தளங்களுக்குச் செல்ல வேண்டாம்.

ஒரு திரைப்படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் பதிந்தால் ஹார்ட் டிஸ்க் கொள்ளாது. எனவே அதனைச் சுருக்கிப் பதிகிறார்கள். சுருக்குவதற்கும் மீண்டும் விரிப்பதற்கும் உதவும் வழிமுறைதான் கோடெக். விஎல்சி பிளேயரில் வழக்கமான கோடெக்குகள் எல்லாம் உள்ளேயே உள்ளன. ஆகவே "இந்தப் படத்தைப் பார்க்க இந்த கோடெக்கை இன்ஸ்டால் செய்திடுங்கள்" என்று ஏதேனும் ஒரு தளம் கூறினால் சந்தேகப்படுங்கள். வைரஸ்களைக் கம்ப்யூட்டருக்குள் நுழைக்க இது மிகப் பழைய தந்திரம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பைலின் பெயர் எம்பி4 என்று முடிவது போலத் தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால் இஎக்ஸ்இ என்ற துணைப் பெயர் மறைந்திருக்கும். அது படம் அல்ல, ஒரு புரோகிராம். விண்டோஸ் இயக்கம் துணைப் பெயர்களை மறைத்தே காட்டும். விண்டோஸ் 11 சிஸ்டத்தில் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, ஷோ எனச் சென்று பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். இனி முழுப் பெயரும் தெரியும். நீங்கள் செய்யும் முதல் துப்பறியும் வேலை இதுவாக இருக்கட்டும்.

எரிந்த காகிதத்தைப் படிக்க முடிகிறதா?

அகதா கிறிஸ்டி 1934ல் எழுதிய மர்டர் ஆன் த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நாவலை சிட்னி லூமெட் 1974ல் படமாக்கினார். பனியில் சிக்கி நிற்கும் ரயிலில் ஒரு கொலை. பெட்டியில் உள்ள அனைவரும் சந்தேகத்துக்கு உரியவர்கள். துப்பறிபவர் ஹெர்குல் பாய்ரோ. படம் ரயிலில் தொடங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு குழந்தைக் கடத்தலில் தொடங்குகிறது. அந்தக் கதையின் பெரும் பகுதியை செய்தித்தாள் தலைப்புகள் மூலமாகவே இயக்குநர் சொல்கிறார். பின்னர் ஓரிடத்தில் பாய்ரோ, எரிந்து போன ஒரு காகிதத் துண்டைச் சூடாக்கி அதிலுள்ள எழுத்துக்களைச் சில விநாடிகள் மட்டும் தெரிய வைக்கிறார். தலைப்புகளையும் அந்த எழுத்துக்களையும் படிக்க முடியாவிட்டால் கதையின் அடித்தளமே நமக்குக் கிடைக்காது.

இங்குதான் ரெசல்யூசன் வருகிறது. கம்ப்யூட்டரில் படம் என்பது புள்ளிகளால் ஆனது. பலர் வீட்டில் இன்னும் வைத்திருக்கும் விசிடியில் ஒரு காட்சி அகலவாக்கில் 352, உயரவாக்கில் 288 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 1,01,376. நம் நாட்டில் வழக்கமான பால் முறை டிவிடியில் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு ஹெச்டி படத்தில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். விசிடியைப் போல டிவிடி 4 மடங்கும், ஹெச்டி 20 மடங்கும் விபரம் தருகின்றன. 20 புள்ளிகள் சேர்ந்து காட்ட வேண்டியதை ஒரே புள்ளி காட்டினால் எழுத்து எப்படித் தெரியும்?

எனவே ஒரே படம் உங்களிடம் விசிடியாகவும் டிவிடியாகவும் இருந்தால் மர்மப் படத்துக்கு டிவிடியைத் தேர்ந்தெடுங்கள். விசிடியைப் பெரிதாக்கினால் தெளிவு கூடாது, மங்கல்தான் பெரிதாகும். கட்டண ஸ்ட்ரீமிங் தளங்களில் பார்க்கிறீர்கள் என்றால், இன்டர்நெட் வேகம் குறையும்போது தளம் தானாகவே தெளிவைக் குறைத்து விடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். செட்டிங்ஸ் பிரிவில் தரத்தை உயர்வாக அமைத்து விட்டுப் பாருங்கள். பெரிய டவுன்லோட் எதுவும் அந்த நேரத்தில் ஓட வேண்டாம்.

டிவிடி பற்றி இரண்டு தகவல்கள். விண்டோஸ் 8 முதல், டிவிடி படம் பார்க்கும் வசதி விண்டோஸுடன் சேர்ந்து வருவதில்லை. விஎல்சி இருந்தால் கவலை இல்லை. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் இருப்பதில்லை, யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். இரண்டாவது, ரீஜன் கோட். இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1, இங்கிலாந்துக்கு 2. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த டிஸ்க் ஓட மறுத்தால் இது காரணமாக இருக்கலாம். டிரைவின் ரீஜனை மாற்ற முடியும், ஆனால் 5 முறை மட்டுமே. அதன் பின் கடைசியாக அமைத்ததிலேயே நின்று விடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம்.

ஓரத்தில் நிற்பவரை வெட்டி விடாதீர்கள்

இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்ந்த படம் அகிரா குரோசாவாவின் ஹை அண்ட் லோ. 1963ல் வெளிவந்த ஜப்பானியப் படம். அமெரிக்க எழுத்தாளர் எட் மெக்பெயின் 1959ல் எழுதிய கிங்ஸ் ரான்சம் என்ற நாவலைத் தழுவியது. ஷூ கம்பெனி ஒன்றின் பெரிய அதிகாரி தன் சொத்து முழுவதையும் அடகு வைத்து ஒரு பெரிய தொகை திரட்டி வைத்திருக்கிறார். அப்போது அவர் மகனைக் கடத்திவிட்டதாகப் போன் வருகிறது. உடனே பணம் தரச் சம்மதிக்கிறார். சற்று நேரத்தில் மகன் ஓடி வந்து நிற்கிறான். கடத்தப்பட்டது அவருடைய கார் டிரைவரின் மகன். கடத்தியவனோ அதே தொகையைக் கேட்கிறான். பணத்தைக் கொடுத்தால் இவர் வாழ்க்கை முடிந்தது. கொடுக்காவிட்டால்?

படத்தின் முதல் பகுதி முழுவதும் ஒரே ஹாலில் நடக்கிறது. அதிகாரி, மனைவி, உதவியாளர், போலீஸார், டிரைவர் எனப் பலரும் ஒரே நேரத்தில் திரையில் இருக்கிறார்கள். நடுவில் ஒருவர் பேசும்போது ஓரத்தில் ஒருவர் தலை குனிந்து நிற்பார். பேச்சைவிட அந்த மௌனம் அதிகம் சொல்லும். யார் பக்கம் பார்ப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. இந்த விகிதத்திற்கு ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று பெயர். நம் மானிட்டர்கள் பெரும்பாலும் 16க்கு 9, அதாவது 1.78 மடங்கு. எனவே முழுப் படமும் தெரிய வேண்டுமானால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் வரத்தான் செய்யும். பட்டையைப் பிடிக்காமல் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பினால் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு வெட்டுப்படும். அதாவது அந்த டிரைவர் காணாமல் போய் விடுவார்!

இதற்கு நேர் எதிரான பிரச்னை பழைய டிவி தொடர்களில் வரும். டேவிட் சூஷே பாய்ரோவாக நடித்த தொடர் 1989 முதல் 2013 வரை 70 பகுதிகளாக வந்தது. ஆரம்பப் பகுதிகள் பழைய டிவி அளவான 4க்கு 3ல் உள்ளன. இவற்றுக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வர வேண்டும். அதனை இழுத்து அகலத் திரையில் நிரப்பினால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகி விடுவார்கள். பாய்ரோவின் தலை முட்டை வடிவம் என்பது கிறிஸ்டியின் வர்ணனை. இழுத்த படத்தில் அது பூசணிக்காய் வடிவம் பெறும்.

விஎல்சியில் படம் ஓடும்போது ஏ கீயை அழுத்தினால் ஆஸ்பெக்ட் ரேஷியோ ஒவ்வொன்றாக மாறும். சி கீ அழுத்தினால் கிராப், அதாவது வெட்டும் அளவு மாறும். இரண்டிலும் டிபால்ட் என்று திரையில் வரும் நிலையில் விட்டுவிடுங்கள். சரியாக உள்ளதா என்று அறிய எளிய வழி, படத்தில் ஒரு கடிகாரமோ வண்டிச் சக்கரமோ வரும்போது பாருங்கள். வட்டம் வட்டமாகத் தெரிந்தால் சரி. கம்ப்யூட்டரை டிவியுடன் இணைத்துப் பார்ப்பவர்கள் டிவியின் பிக்சர் அமைப்பையும் கவனிக்க வேண்டும். சில டிவிகள் நாலு ஓரங்களையும் சிறிது வெட்டியே காட்டும். இதனை ஓவர்ஸ்கேன் என்பார்கள். அதனை நீக்கிவிட வேண்டும்.

பழைய தொடர்களில் யாராவது வேகமாகக் கையை அசைத்தால் சீப்பின் பற்கள் போலக் கோடுகள் தெரிகின்றனவா? டிவிக்காக ஒரு காட்சியை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் எனப் பிரித்துப் பதிந்ததால் வருவது இது. டி கீயை அழுத்தினால் மறைந்து விடும்.

இருட்டுக்குள் ஒரு புள்ளி

ஹிட்ச்காக்கின் ரியர் விண்டோ 1954ல் வந்தது. கார்னெல் வூல்ரிச் 1942ல் எழுதிய சிறுகதைதான் மூலம். கால் எலும்பு முறிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபர், பொழுது போகாமல் எதிர் வீட்டு ஜன்னல்களைப் பார்க்கிறார். ஒரு வீட்டில் கொலை நடந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். படம் முழுவதும் நாமும் அவர் அறையிலேயே இருக்கிறோம். அவர் பார்ப்பதைத்தான் பார்க்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செவ்வகத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் நமக்கு இவருடைய நிலை நன்றாகவே புரியும்.

ஓர் இரவில் முற்றத்தில் கூச்சல் கேட்கிறது. எல்லா ஜன்னல்களிலும் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. அந்த ஜன்னல் இருட்டு. இருட்டுக்குள் புகை பிடிப்பவரின் நெருப்புப் புள்ளி ஒன்று மட்டும் கூடிக் குறைகிறது. வசனம் கிடையாது. அந்தப் புள்ளி தெரிந்தவருக்கு முதுகுத் தண்டு சில்லிடும். தெரியாதவருக்கு அது வெறும் கறுப்பு ஜன்னல்.

இருட்டுக் காட்சிகளைச் சரியாகப் பார்க்க, முதலில் அறை விளக்கின் வெளிச்சம் மானிட்டரில் பிரதிபலிக்காதபடி உட்காருங்கள். லேப்டாப்பில் சார்ஜரை இணைத்து விடுங்கள், பேட்டரியில் ஓடும்போது வெளிச்சம் குறைந்து விடும். விண்டோஸ் 11ல் சில லேப்டாப்கள் காட்சிக்கு ஏற்பத் தானாகவே வெளிச்சத்தை மாற்றும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே சென்று பிரைட்னஸ் பகுதியில் இதனை நிறுத்தலாம். இத்தனைக்குப் பின்னும் இருட்டாக இருந்தால் விஎல்சியில் கண்ட்ரோல் கீயுடன் இ கீயை அழுத்துங்கள். கிடைக்கும் விண்டோவில் வீடியோ எபெக்ட்ஸ் டேப்பில் இமேஜ் அட்ஜஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து காமா அளவைச் சிறிது உயர்த்துங்கள். பிரைட்னஸை உயர்த்தினால் கறுப்பும் சாம்பலாகும். காமாவை உயர்த்தினால் கறுப்பு பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும், அதன் அருகில் உள்ள நிழல்கள் மட்டும் தெளியும்.

நிறத்தையும் சரி பாருங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கும் நைட் லைட் வசதி திரையை மஞ்சளாக்கி விடும். படம் பார்க்கும்போது அதனை நிறுத்தி வையுங்கள். ஹை அண்ட் லோ கறுப்பு வெள்ளைப் படம்தானே, நிறம் எதற்கு என்று நினைத்து இமேஜ் அட்ஜஸ்டில் சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்கி விடாதீர்கள். அந்தப் படத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒரே ஒரு பொருள் மட்டும் நிறத்தோடு தோன்றும். அது என்ன, எங்கே என்று நான் சொல்ல மாட்டேன்.

காதுக்கும் வேலை உண்டு

பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த படங்கள் 1939 முதல் 1946 வரை 14 வந்தன. கடைசிப் படம் டிரஸ்ட் டு கில். சிறையில் தயாரான மூன்று சாதாரண இசைப் பெட்டிகளுக்காகக் கொலைகள் நடக்கின்றன. விலை மலிவான பெட்டிக்கு ஏன் இத்தனை அடிதடி? இதற்கு மேல் கதை வேண்டாம். காதைத் தீட்டி வைத்துக் கொள்ளுங்கள், அவ்வளவுதான். இந்தப் படத்தை லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் பார்ப்பதைவிட ஹெட்போனில் பார்ப்பது நல்லது.

புதிய படங்களில் வேறு சிக்கல். இசை காதைப் பிளக்கிறது, பேச்சு முணுமுணுப்பாகக் கேட்கிறது என்பது பலரின் குறை. காரணம், இவற்றின் ஒலி 6 ஸ்பீக்கர்களுக்காகப் பிரித்துப் பதியப்பட்டுள்ளது. வசனத்தின் பெரும் பகுதி நடு ஸ்பீக்கருக்கு உரியது. நம்மிடம் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களில் அனைத்தையும் கலக்கும்போது வசனம் அமுங்கி விடுகிறது. பி கீயை அழுத்தி ஸ்டீரியோ ட்ராக் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் கண்ட்ரோல் மற்றும் இ கீ அழுத்திக் கிடைக்கும் விண்டோவில் ஆடியோ எபெக்ட்ஸ், கம்ப்ரசர் என்பதை இயக்குங்கள். உரத்த ஒலி குறைந்து மெல்லிய ஒலி கூடும்.

டப்பிங் ட்ராக் இருந்தாலும் மர்மப் படங்களை மூல மொழியிலேயே கேளுங்கள். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் பல நாட்டவர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் ஆங்கிலமும் ஒவ்வொரு விதம். இங்கிரிட் பெர்க்மன் தயங்கித் தயங்கிப் பேசும் நீண்ட விசாரணைக் காட்சியை லூமெட் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார். துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதை அவருக்குத் தந்த படம் இது. அந்தக் குரலை மாற்றினால் என்ன மிஞ்சும்?

சப்-டைட்டில் முந்தினால் மர்மம் போச்சு

சத்யஜித் ராய் தாமே எழுதிய துப்பறியும் நாவல் சோனார் கெல்லா. அவரே 1974ல் அதனைப் படமாக்கினார். முற்பிறவி நினைவு வந்ததாகச் சொல்லும் ஒரு சிறுவன், தங்கக் கோட்டை ஒன்றைப் படமாக வரைகிறான். அங்கே புதையல் இருப்பதாக நினைத்துச் சிலர் அவன் பின்னால் அலைகிறார்கள். துப்பறியும் பெலுடா ராஜஸ்தானுக்குப் புறப்படுகிறார். ஜெய்சால்மர் கோட்டை வெயிலில் பொன்னாய் மின்னுவதைப் பார்க்கவே இப்படத்தைப் பார்க்கலாம்.

ரயிலில் பெலுடாவுடன் வந்து சேரும் எழுத்தாளர் ஜடாயு, முதலில் கஷ்டப்பட்டு இந்தியில் பேசுவார். எதிரில் இருப்பவர்களும் வங்காளிகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மலரும். ஆங்கில சப்-டைட்டிலில் இரண்டு மொழியும் ஒரே ஆங்கிலம்தான். வங்காளம் தெரியாவிட்டாலும் காதைத் திறந்து வைத்திருந்தால்தான் இந்தச் சிரிப்பு கிடைக்கும். சப்-டைட்டில் காதுக்குத் துணைதான், மாற்று அல்ல.

சப்-டைட்டில் பெரும்பாலும் எஸ்ஆர்டி என்ற சிறிய டெக்ஸ்ட் பைலாக இருக்கும். நோட்பேடில் திறந்தால் வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம் என்று தெரியும். படம் உள்ள போல்டரிலேயே, படத்தின் பெயரையே இதற்கும் வைத்தால் விஎல்சி தானாக எடுத்துக் கொள்ளும்.

வசனம் பேசப்படுவதற்கு முன்பே எழுத்து வந்தால் ஹெச் கீயை அழுத்துங்கள். தாமதமாக வந்தால் ஜி கீ. ஒவ்வொரு முறையும் விநாடியில் 20ல் ஒரு பங்கு நகரும். "கொலைகாரன்..." என்று துப்பறிபவர் இழுத்து நிறுத்தும் இடத்தில் பெயர் முன்கூட்டியே திரையில் வந்து விட்டால் என்ன கொடுமை!

ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் காரணம் வேறு. திரைப்படம் விநாடிக்கு 24 காட்சிகளாக எடுக்கப்படுகிறது. பால் முறை டிவிடிகளில் அது 25 காட்சிகளாக ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்து விடும். ஒன்றுக்கு எழுதிய சப்-டைட்டிலை மற்றொன்றுக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 2 நிமிடத்துக்கும் மேல் விலகி விடும். இதற்கு ஜி, ஹெச் கீகள் உதவாது. உங்கள் பிரதிக்கு உரிய சப்-டைட்டில் பைலையே தேட வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்காகத் தமிழ் சப்-டைட்டில் போடும்போது எழுத்துக்குப் பதில் கட்டங்களோ புரியாத குறிகளோ வந்தால், அந்தப் பைலை நோட்பேடில் திறந்து சேவ் அஸ் கொடுத்து, என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப்-8 தேர்ந்தெடுத்துச் சேவ் செய்திடுங்கள். விஎல்சியில் டூல்ஸ், பிரிபரன்ஸஸ், சப்டைட்டில்ஸ் பிரிவில் டிபால்ட் என்கோடிங் யுடிஎப்-8 என்றும், பாண்ட் நிர்மலா யுஐ என்றும் அமைத்திடுங்கள். எழுத்தின் அளவையும் இங்கேயே பெரிதாக்கலாம்.

ரகசியத்தை உடைக்கும் கம்ப்யூட்டர்

அகதா கிறிஸ்டியின் நாடகத்தை பில்லி வைல்டர் 1957ல் விட்னஸ் பார் த பிராசிக்யூஷன் என்று படமாக்கினார். கோர்ட் வழக்குப் படங்களில் இதற்கு நிகராக நான் பார்த்தது குறைவு. படம் முடிந்ததும் ஒரு குரல், இன்னும் பார்க்காத நண்பர்களுக்காக முடிவை யாரிடமும் சொல்லி விடாதீர்கள் என்று கேட்டுக் கொள்ளும். மனிதர்களிடம் கேட்டாயிற்று. நம் கம்ப்யூட்டரிடம் யார் கேட்பது?

படத்தின் அடியில் ஓடும் நேரப் பட்டை ஒரு பெரிய காட்டிக் கொடுப்பவன். துப்பறிபவர் ஒருவரைக் கைது செய்யும்போது இன்னும் 40 நிமிடம் பாக்கி என்று தெரிந்தால், அவர் குற்றவாளி இல்லை என்று சின்னக் குழந்தையும் சொல்லி விடும். எப் கீயை அழுத்தி முழுத் திரையில் பாருங்கள். மவுஸை அசைக்காமல் இருந்தால் பட்டை மறைந்தே இருக்கும். நிறுத்த ஸ்பேஸ் பாரைப் பயன்படுத்துங்கள். கடிதத்தையோ சீட்டையோ நிதானமாகப் பார்க்க இ கீயை அழுத்தினால் ஒவ்வொரு காட்சியாக நகரும்.

ஸ்ட்ரீமிங் தளங்களில் நேரப் பட்டையின் மீது மவுஸை வைத்தாலே அந்த இடத்தின் சிறு படம் தோன்றும். கடைசிப் பகுதியில் கர்சரைக் கொண்டு போகாதீர்கள். டிவிடியில் சீன் செலக்ஷன் மெனுவும் இதே வேலையைச் செய்யும். நடிகர் யார் என்று பாதிப் படத்தில் இன்டர்நெட்டில் தேடுவதும் வேண்டாம், தேடல் முடிவின் இரண்டாவது வரியிலேயே கதை முடிந்து விடலாம்.

கதையைப் படித்திருந்தால்?

மூலக் கதையைப் படித்தவருக்குப் படத்தில் சுவாரஸ்யம் இருக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில் சுவரில் ஓர் எழுத்துத் தொடர் இருக்கும். அது ரேச்சல் என்ற பெண்ணின் பெயர், முடிக்கவில்லை என்பார் போலீஸ்காரர். இல்லை, பழிவாங்குதல் என்பதற்கான ஜெர்மன் சொல் என்பார் ஹோம்ஸ். 2010ல் பிபிசி எடுத்த ஷெர்லாக் தொடரின் முதல் பகுதியில் இதை அப்படியே தலைகீழாக்கினார்கள். ஜெர்மன் சொல் என்று மற்றவர் சொல்ல, ரேச்சல் என்கிறார் ஹோம்ஸ். கதை தெரிந்தவர்களுக்கென்றே வைத்த குறும்பு இது.

ராய் இன்னும் ஒரு படி மேலே போனார். நாவலில் கடைசிவரை மறைத்து வைத்த ரகசியத்தைப் படத்தில் ஆரம்பத்திலேயே நமக்குக் காட்டி விடுகிறார். ஆட்கள் யார் என்பது நமக்குத் தெரியும், பெலுடாவுக்குத் தெரியாது. யார் என்ற கேள்வி போய், இவருக்கு எப்போது தெரியும் என்ற பதைப்பு வருகிறது. நாவலுக்கு ஒரு முதல் முறை, படத்துக்கு ஒரு முதல் முறை என்று இரண்டும் கிடைக்கின்றன.

செலவில்லாமல் தொடங்க

நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான பின் 60 ஆண்டுகள். ராத்போன் நடித்த ஹோம்ஸ் படங்களில் டிரஸ்ட் டு கில், டெரர் பை நைட் உட்பட நான்கு அமெரிக்காவிலும் பொதுச் சொத்தாகி விட்டன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இவை கிடைக்கும். டெரர் பை நைட் ஒரு மணி நேரப் படம், பெரும்பாலும் ரயிலில் நடப்பது. ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும். பைல் அளவு பெரியதாக உள்ளதை முதலில் முயற்சி செய்திடுங்கள். பிற படங்களை டிஸ்க் வாங்கியோ சந்தா கட்டியோ பாருங்கள்.

டைட்டில் ஓடும் இரண்டு நிமிடங்களில் இவற்றைச் சரி பார்த்து விடலாம்: வட்டம் வட்டமாக இருக்கிறதா, சின்ன எழுத்தைப் படிக்க முடிகிறதா, கறுப்புக்குள் நிழல் தெரிகிறதா, மூல மொழி ட்ராக் ஓடுகிறதா, முதல் வசனத்துடன் சப்-டைட்டில் சேர்ந்து வருகிறதா. ஐந்தும் சரி என்றால் எப் கீயை அழுத்தி, மவுஸைத் தள்ளி வைத்து விட்டு உட்காருங்கள். பிறகும் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பழியை உங்கள் கம்ப்யூட்டர் மீது போட முடியாது.